ஆணியில் மூன்று சாவி

சிராஜுதீனுக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் ஓடிவிடும். யோசனை பின்னால் நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். நாகலாபுரம் கடைத்தெருவில் இது தெரியாத ஆள் கிடையாது. விதைக்கடை முதலாளி என்று பேர். ஆனால் கடையில் உட்கார்ந்து விதையைப் பற்றிப் பேசுவதுதான் அவனுடைய வேலை. வாங்கி வந்த விதையைக் காயப்போடுவது, புடைப்பது, சொத்தையைப் பொறுக்குவது, மூட்டை தைப்பது அத்தனையும் கடைக்குப் பின்னால் இருக்கிற கிட்டங்கியில் நடக்கும். அது அவன் தங்கை ஆசிபாவின் ராஜ்ஜியம்.

கோவில்பட்டியில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியவள் ஆசிபா. வேறு வேலை கிடைக்காமல் கிட்டங்கிக்கு வந்தாள் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவாள். பிடித்துத்தான் வந்தாள். ஒரு பிடி உளுந்தை உள்ளங்கையில் போட்டு உருட்டினால் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம் வரும். இதெல்லாம் இன்னும் கொஞ்ச நாளில் கரிசல் காட்டில் பச்சையாக நிற்கப்போகிறது என்று நினைத்தால் சிரிப்பே வந்துவிடும். தனியாகச் சிரிக்கிறாளே என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும் என்று சிரிப்பாள்.

அன்றைக்கும் சுளகில் உளுந்தைப் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு வடக்கே கரிசல் வைத்து விவசாயம் பார்க்கிற பொன்மணி, மூச்சு வாங்க உள்ளே வந்து நின்றாள்.

"ஏ ஆசிபா, நீ இங்கன பொறுக்கிக்கிட்டு உக்காந்திருக்க. அங்கன உங்க அண்ணன் கடையைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய் ஆணியில மாட்டிட்டாரு."

ஆசிபாவின் கையிலிருந்த சுளகு சாய்ந்து, பாதி உளுந்து தரையில் கொட்டியது.

நாகலாபுரம் கடைத்தெருவில் வாய்த்தகராறு முற்றினால் கையை ஓங்க மாட்டார்கள், சாவியை உருவுவார்கள். பத்திரகாளி அண்ணாச்சியின் டீக்கடையில், பாய்லருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தடித்த ஆணி இருக்கிறது. சண்டைக்காரர்கள் ஆளுக்கு ஒரு சொல் சொல்லி, கடையைப் பூட்டி, சாவியை அதில் மாட்ட வேண்டும். யாருடைய சொல் நிற்கிறதோ அவர் எல்லாச் சாவியையும் எடுத்துக்கொள்வார். தோற்றவருக்கு எப்போது கொடுப்பது, என்ன சொல்லிக் கொடுப்பது என்பதெல்லாம் ஜெயித்தவர் இஷ்டம். மாட்டின பிறகு சொல்லை மாற்ற முடியாது. போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்க வேண்டிய எத்தனையோ சண்டை இந்த ஆணியோடு முடிந்திருக்கிறது.

"யார்கூடச் சண்டை?"

"வேற யாரு, எதிர்க்கடை லிங்கராஜ் அண்ணாச்சிதான்."

லிங்கராஜும் விதைக்கடைதான். எதிரெதிர்க் கடை, ஒரே சரக்கு, ஒரே பருவம். பிறகு சண்டைக்குக் காரணமா தேட வேண்டும்? இந்தத் தடவை காரணம் மேலேயிருந்து வந்தது. போன வாரம் பருவம் தப்பிப் பெய்த ஒரு தூறலில் கிட்டங்கிக் கூரை ஒழுகி, ஒரு மூட்டை உளுந்து நனைந்துபோனது. ஒரே ஒரு மூட்டை. அதை விதைக்கு ஆகாது என்று ஒதுக்கி, மாட்டுத் தீவனத்துக்காவது ஆகட்டும் என்று முன்கடை மொட்டைமாடியில் காயப்போட்டது ஆசிபாதான். எதிர்க்கடையிலிருந்து லிங்கராஜ் அதைப் பார்த்திருக்கிறார்.

"டீ குடிச்சுக்கிட்டே சொன்னாரு," என்றாள் பொன்மணி. "'பாய் கடை உளுந்து பூராம் நனைஞ்சு போச்சு. இந்த வருசம் அதுல ஒரு மணிகூட முளைக்காது'ன்னு. விதை வாங்க வந்த நாலு சம்சாரிய இருக்குத இடம். உங்க அண்ணன் விடுவாரா?"

"அண்ணன் என்ன சொன்னாரு? அதைச் சொல்லுங்கக்கா. அவரு என்ன வார்த்தை சொன்னாரு?"

"'எங்க கடை உளுந்துல ஒரு மணி விடாம எல்லாம் முளைக்கும். ஒண்ணே ஒண்ணு முளைக்காமப் போனாலும் என் சொல்லு பொய்'னு சொல்லிட்டு மாட்டினாரு."

ஆசிபா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினாள். அவள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து, பொன்மணியும் எதற்கென்று தெரியாமலே பின்னால் ஓடினாள்.

டீக்கடையில் கூட்டம் கூடிவிட்டது. சாவி மாட்டியாகிவிட்டது என்றால் நாகலாபுரத்துக்குத் திருவிழாதான். சிராஜுதீன் மீசையை நீவிக்கொண்டு பெஞ்சில் இருந்தான். லிங்கராஜ் எதிர்ப் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். இரண்டு சாவியும் ஆணியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. பொன்மணி ஒரு கைப்பிடி உளுந்தை அள்ளி முளைக்கப் போட்டுப் பார்க்க வேண்டும், அதை வைத்துத்தான் தீர்ப்பு என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள்.

"அண்ணே, என்ன காரியம் பண்ணியிருக்கிய? அவிய 'ஒண்ணுகூட முளைக்காது'ன்னாவ. ஒரே ஒரு மணி முளைச்சாப் போதும், அவிய சொல்லு உடைஞ்சு போகும். 'ஒண்ணாவது முளைக்கும்'னு மட்டும் சொல்லியிருந்தா இந்நேரம் ஜெயிச்ச மாதிரிதான்."

"ஒரு மணி முளைக்கும்னு சொல்லி மாட்டுததுக்கு நான் என்ன பயந்தாங்கொள்ளியா? அவன் ஒண்ணுமில்லைன்னான். நான் எல்லாம்னேன். அதுக்கு இதுதான் பதிலு."

"இல்லை அண்ணே. 'ஒண்ணுமே இல்லை'ங்கிறதுக்குப் பதிலு 'ஒண்ணாவது இருக்கு'ங்கிறதுதான். நீங்க தேவையில்லாம அந்தக் கடைசிக்கே போய் நிக்கிய. இப்பம் உங்க சொல்லை உடைக்கவும் ஒரே ஒரு மணி போதும். ஒரு கைப்பிடி உளுந்துல முளைக்காத மணி ஒண்ணுகூட இருக்காதுன்னு யாரால சொல்ல முடியும்?"

"என்னால முடியும்," என்றான் சிராஜுதீன். அதுதானே பிரச்சினை.

லிங்கராஜ் குறுக்கே புகுந்தார். "ஏன் பாப்பா போட்டுக் குழப்புத? நான் ஒண்ணு சொன்னேன், உங்க அண்ணன் ஒண்ணு சொன்னாரு. ஒருத்தர் சொல்லு பொய்யாப் போனா மத்தவர் சொல்லு நிஜம். இதுல கணக்குப் போட என்ன இருக்கு?"

கூட்டமும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. ஆசிபாவுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருசமாக இந்த ஆணியில் சாவி மாட்டியிருக்கிறார்கள், ஒருத்தருக்குக்கூட இது தோன்றவில்லையா?

"பத்திரகாளி அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. பாதி முளைச்சு, பாதி முளைக்காமப் போகுதுன்னு வைங்க. அப்பம் லிங்கராஜ் அண்ணாச்சி சொன்னது பொய்யி. எங்க அண்ணன் சொன்னதும் பொய்யி. ரெண்டும் பொய்யாப் போனா சாவியை யாரு எடுக்குதது?"

பத்திரகாளி டீ ஆற்றுவதை நிறுத்தினார். ஆணியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"அப்படி இதுவரைக்கும் நடந்ததில்ல தாயி. யாரு சொல்லும் நிக்கலைன்னா யாருக்கும் எடுக்க உரிமை இல்ல. சாவி அங்கனயேதான் கிடக்கும். தை பொறந்த பொறவு நானே எடுத்துத் தாரேன்."

தை பிறந்த பிறகு. ஆசிபா மனசுக்குள் நாளை எண்ணினாள். இது புரட்டாசிக் கடைசி. மானாவாரிக் காட்டில் முதல் மழை விழுந்து, மண் பதமாக இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் விதைத்தாக வேண்டும். அந்த நேரத்தில் கடை பூட்டிக் கிடந்தால் சம்சாரிகள் காத்திருப்பார்களா? பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போய்விடுவார்கள். ஒரு தடவை போன கால் அடுத்த வருசமும் அங்கேதான் போகும். அவள் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய உளுந்து அத்தனையும் தைக்குள் வண்டு விழுந்து மாவாகிவிடும். கடையே போய்விடும்.

"சொல்லை மாத்திக்கிடலாமா அண்ணாச்சி?"

"மாட்டுன சொல்லு மாட்டுனதுதான்."

இரண்டு பேர் சொல்லும் பொய்யாகும்போது எந்தச் சொல் நிற்கும்? அதைத்தான் யாரும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் என்ன? ஆசிபா திரும்பிப் பொன்மணியிடம் சொன்னாள்.

"அக்கா, சோதனைக்கு உளுந்து அள்ளப் போறது நீங்கதானே? இப்பமே வந்து உங்க இஷ்டத்துக்கு எந்த மூட்டையிலன்னாலும் ஒரு கைப்பிடி அள்ளிக்கிடுங்க. அப்புறம் கிட்டங்கியைப் பூட்டணும்."

பொன்மணி நடுவில் கிடந்த மூட்டை ஒன்றைக் காட்டிப் பிரிக்கச் சொல்லி, ஆழமாகக் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டாள். நனைந்த மூட்டை மாடியில் கிடந்தது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று லிங்கராஜே வந்து பார்த்து ஒப்புக்கொண்டார். ஆசிபா கிட்டங்கியைப் பூட்டினாள். டீக்கடைக்குத் திரும்பி வந்து, பித்தளைச் சாவியை இரண்டு சாவிக்கும் நடுவில் மாட்டினாள்.

"என் சொல்லைக் கேட்டுக்கிடுங்க. இந்தக் கைப்பிடியில ஒண்ணாவது முளைக்கும். ஒண்ணாவது முளைக்காது. இவ்வளவுதான்."

கூட்டம் ஓவென்று சிரித்தது. இதெல்லாம் ஒரு சொல்லா? ஆணியில் மாட்டுகிற சொல் என்றால் கேட்கிறவனுக்குப் புல்லரிக்க வேண்டாமா? "முளைக்கும், ஆனா முளைக்காது. நல்லா இருக்கு பாப்பா," என்று லிங்கராஜ் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சிராஜுதீன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகம் கறுத்துவிட்டது.

"அவன் எதிர்க்கடைக்காரன், சொன்னான். நீயும் நம்ம சரக்கு முளைக்காதுன்னு ஊர் முன்னாடி சொல்லுத என்ன?"

"ஒண்ணாவதுன்னுதான் சொன்னேன் அண்ணே."

"ஒண்ணோ ஒன்பதோ. நல்லாக் கேட்டுக்கோ. எல்லாம் முளைச்சிட்டுன்னா உன் சாவி என் கைக்கு வரும். அதுக்கு அப்புறம் நீ கிட்டங்கி வாசல்ல கால் வைக்கக் கூடாது."

கிட்டங்கி இல்லாமல் ஆசிபாவுக்கு என்ன இருக்கிறது? ஆனாலும் பேசாமல் விட்டால் கடையே போய்விடும்.

"சரி," என்றாள்.

பொன்மணி உளுந்தை ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி, டீக்கடை மூலையில் நிழலாகப் பார்த்து வைத்தாள். கரிசல்காட்டில் விதைப்புக்கு முன்னால் முளைப்புப் பார்ப்பது எல்லாரும் செய்கிற வேலைதான். ஆனால் இப்படி ஊரே கூடிக் காவல் இருந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. நாலாம் நாள் காலையில் தீர்ப்பு. அதுவரைக்கும் காலையிலும் சாயங்காலமும் பொன்மணி மட்டும்தான் சாக்கைப் பிரிக்கலாம், தண்ணீர் தெளிக்கலாம். மற்றவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

முதல் நாள் உளுந்து ஊறி உப்பியது, அவ்வளவுதான். இரண்டாம் நாள் காலையில் பொன்மணி சாக்கைப் பிரித்தாள். குனிந்தாள். இன்னும் குனிந்தாள்.

"வால் விட்டிருக்கு."

ஒரு மணியின் ஓரத்தில் வெள்ளையாக, ஊசிமுனை அளவுக்கு ஒரு வேர். ஆசிபாவுக்குக் கைகால் நிற்கவில்லை. எத்தனை முறை பார்த்தாலும் இந்த வெள்ளை முனையைப் பார்க்கிற சந்தோஷம் அவளுக்குப் பழகவே பழகாது. கூரை ஒழுகியதில் இந்த மூட்டைக்கும் ஈரம் ஏறியிருக்குமோ என்று இரண்டு நாளாக உள்ளுக்குள் இருந்த பயம் ஒரே நொடியில் போய்விட்டது. 'ஒரு மணிகூட' என்ற சொல்லை அந்த ஒரு மணி முடித்துவிட்டது.

சிராஜுதீன் பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டான். ஆளை விட்டுச் சரவெடி வாங்கி வந்து தெருவில் கொளுத்தினான். கடம்பூரிலிருந்து போளி வரவழைத்து, வந்தவன் போனவன் எல்லாருக்கும் கொடுத்தான். லிங்கராஜுக்கும் ஒன்று நீட்டினான். அவர் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார், தின்னவில்லை.

"ஜெயிச்சாச்சு. அண்ணாச்சி, சாவியை எடுங்க," என்றான் சிராஜுதீன்.

"லிங்கராஜ் தோத்தாரு, அது உள்ளதுதான்," என்றார் பத்திரகாளி. "நீரு ஜெயிச்சீரா? எல்லாம் முளைக்கட்டும் பாப்போம்."

அப்போதுதான் லிங்கராஜ் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. தன் சொல் போனது போனதுதான். ஆனால் பாயின் சொல்லும் போக ஒரு மணி போதும் அல்லவா? மெதுவாகப் போளியைக் கடித்தார். அந்த நிமிஷத்திலிருந்து, முளைக்காத மணிக்காக ஊரிலேயே அதிகமாக வேண்டிக்கொண்ட ஆள் அவர்தான்.

அவருக்கு அடுத்தபடியாக வேண்டிக்கொண்டவள் ஆசிபா. அதை நினைத்தால் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஏனென்றால் மூன்றாம் நாள் காலையில் சாக்கைப் பிரித்தபோது கூட்டம் வாய் பிளந்தது. சாக்கு முழுக்க வெள்ளை வால். ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. "அடேயப்பா, என்ன முளைப்பு," என்று சம்சாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முளைத்த மணிகளைப் பொன்மணி ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தட்டில் போட்டாள். போடப் போட சாக்கு காலியாகிக்கொண்டே வந்தது. சாயங்காலம் மறுபடி பிரித்தபோது மிச்சமிருந்ததிலும் எல்லாம் முளைத்துவிட்டன, ஒன்றே ஒன்றைத் தவிர.

ஆசிபா அந்த ஒற்றை மணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மூட்டையை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இரண்டு தடவை புடைத்து, மூன்றாம் தடவை கையாலேயே தள்ளித் தள்ளிப் பார்த்து, லேசாக மங்கல் அடித்ததைக்கூட எடுத்துப் போட்ட மூட்டை. அவ்வளவு பார்த்துப் பொறுக்கியதுதான் இப்போது அவளைக் கிட்டங்கியிலிருந்து வெளியே தள்ளப் பார்க்கிறது. கொஞ்சம் அசட்டையாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். நினைத்த மறுநொடி, நம் கையால் அசட்டையாக எப்படிச் செய்வது என்றும் தோன்றியது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

வீட்டில் சோறு போடும்போது சிராஜுதீன் பரபரத்தான். "ஒண்ணுதான் பாக்கி. காலையில அதுவும் வந்துரும். உன் கையால பொறுக்கினதுல்லா, வராம இருக்குமா?"

அவன் பெருமையாகத்தான் சொன்னான். இந்தப் பெருமை அந்தப் பித்தளைச் சாவியை அவன் கையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது அவனுக்கு அப்போது ஞாபகமே இல்லை. ஆசிபா ரசத்தை ஊற்றினாள்.

நாலாம் நாள் காலையில் கிழக்கே வானம் கறுத்துக் கிடந்தது. காற்றில் மண்வாசனை. எங்கேயோ பெய்ய ஆரம்பித்துவிட்டது. சம்சாரிகள் காலி சாக்கும் பையுமாகக் கடைத்தெருவுக்கு வந்துவிட்டார்கள். எதிரெதிரே இரண்டு விதைக்கடையும் பூட்டிக் கிடந்தன. டீக்கடையில் நிற்க இடமில்லை.

"சீக்கிரம் பிரி தாயி. மழை வந்துரும்," என்று யாரோ கத்தினார்கள்.

பொன்மணி சாக்கை மடியில் வைத்து மெதுவாகப் பிரித்தாள். ஆசிபா பாய்லர் பக்கத்தில் நின்றாள். சூடு தோளில் அடித்தது, அது அவளுக்கு உறைக்கவில்லை. கடைசிச் சுற்றும் விரிந்தது. அந்த மணி அங்கே கிடந்தது. அதன் பக்கத்தில் வெள்ளையாக ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது.

"முளைச்சிட்டு," என்று சிராஜுதீன் துள்ளினான். "எல்லாம் முளைச்சிட்டு. பாத்தியளா, ஒரு மணி விடாம. நான் என்ன சொன்னேன்?"

கூட்டம் ஆர்ப்பரித்தது. லிங்கராஜ் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். ஆசிபா, ஆணியில் நடுவில் தொங்கிய பித்தளைச் சாவியைப் பார்த்தாள். அதன் பல் ஒவ்வொன்றும் அவள் விரலுக்குத் தெரியும். இனிமேல் அதைத் தொட முடியாது.

"சத்தம் போடாதிய," என்றாள் பொன்மணி.

அவள் அந்த மணியை உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளை முனையை நகத்தால் பிடித்து இழுத்தாள். அது கையோடு வந்துவிட்டது, நீளமாக. வேர் இல்லை. சாக்கின் சணல் நார், ஈரத்தில் வெளுத்து மணியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மணி உப்பவே இல்லை, அன்றைக்கு அள்ளிய மாதிரியே சின்னதாகக் கறுப்பாக இருந்தது. பொன்மணி அதைப் பல்லில் வைத்துக் கடித்தாள். கடக்கென்ற சத்தம் பின்னால் நின்றவர்களுக்கும் கேட்டது.

"கல்லு மாதிரி இருக்கு. தண்ணியே இறங்கல. இது முளைக்காது."

இப்போது துள்ளியது லிங்கராஜ். "நான் அப்பமே சொன்னேன்ல, முளைக்காதுன்னு. பாய் சொல்லு பொய்யி. அப்பம் என் சொல்லு நிஜம்," என்று ஆணியை நோக்கிக் கையை நீட்டினார்.

பத்திரகாளி டீ வடிகட்டியால் அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினார். "நீரு என்னவே சொன்னீரு? ஒரு மணிகூட முளைக்காதுன்னீரு. தட்டு நிறைய வால் விட்டுக் கிடக்குதே, அதெல்லாம் என்ன?"

"அப்பம் நான்தானே ஜெயிச்சது?" என்று சிராஜுதீன் கையை நீட்டினான்.

"உம்ம சொல்லு இப்பந்தான் பொன்மணி பல்லுல கடிபட்டுச்சு. நீரும் கையை எடும்."

இரண்டு பேரும் கையை எடுத்தார்கள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஒருத்தர் பொய் என்றால் இன்னொருத்தர் நிஜம் என்று நாலு நாளாகத் தலையாட்டிய ஊர், இப்போது இரண்டு பொய்யையும் தட்டிலும் சாக்கிலுமாகக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றது. எல்லாம் என்று சொன்னவரை ஒற்றை மணி கவிழ்த்துவிட்டது. ஒன்றுகூட இல்லை என்றவரையும் ஒற்றை மணிதான் கவிழ்த்தது. ஒவ்வொருவராக ஆசிபா பக்கம் திரும்பினார்கள்.

"ஒண்ணாவது முளைக்கும், ஒண்ணாவது முளைக்காதுன்னு சொன்னது யாரு?" என்று கேட்டார் பத்திரகாளி. "வா தாயி. வந்து எடுத்துக்கோ."

ஆசிபா நடந்துதான் போக நினைத்தாள். ஆனால் ஓடினாள். மூன்று சாவியையும் ஒரே கையில் கொத்தாக எடுத்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டாள், அழுதும்விட்டாள். பொன்மணி அவளைக் கட்டிக்கொண்டாள். அதே நேரம் தகரக் கூரையில் முதல் துளிகள் தடதடவென்று விழுந்தன. கூட்டம் பாதி மழையைப் பார்த்துக் கத்தியது, பாதி சாவியைப் பார்த்துக் கத்தியது.

லிங்கராஜ் துண்டைப் பிழிந்துகொண்டே வந்து நின்றார். அவர் கடை வாசலிலும் ஆட்கள் பையோடு நின்றார்கள்.

"ஆசிபாம்மா, மழை வந்துட்டு."

"சாவி தாரேன் அண்ணாச்சி. அந்தத் தட்டைப் பாத்து, உள்ளதை எல்லாரும் கேக்கச் சொல்லிட்டு வாங்கிக்கிடுங்க."

லிங்கராஜ் தட்டைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். "பாய் கடை உளுந்து முளைக்கும்."

"எல்லாமா?"

"மறுபடியும் என்னை மாட்டி விடப் பாக்குத. ஒண்ணு ரெண்டு போகும். என் கடையில அதுக்கு மேலயும் போகும். போதுமா?"

ஆசிபா சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தாள். அவர் மழையில் நனைந்தபடி எதிர்ப்பக்கம் ஓடினார்.

சிராஜுதீன் டீக்கடைத் தூணோடு தூணாக நின்றிருந்தான். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

"கிட்டங்கி வாசல்ல கால் வைக்காதேன்னு சொன்னேன்ல," என்றான், தரையைப் பார்த்து. "கோவத்துல சொன்னது. நீ மட்டும் சாவி மாட்டலைன்னா இந்த மழைக்கு நான் பூட்டின கடையைப் பாத்துக்கிட்டு நின்னிருப்பேன்."

ஆசிபாவுக்கு நாலு நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் அங்கேயே இறங்கிவிட்டது. ஆனால் அதற்காகச் சும்மா விட்டுவிட முடியுமா? பித்தளைச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றி அவன் கையில் வைத்தாள்.

"இந்த மழை முடியுத வரைக்கும் முன்கடையில நான் இருக்கேன். கிட்டங்கிக்கு நீங்க போங்க. புடைக்க வேண்டிய மூட்டை நிறைய இருக்கு."

"நானா? புடைக்கவா?"

"தோத்தவங்க சாவிக்கு நான் சொல்லுததுதானே சட்டம்?"

பத்திரகாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிராஜுதீன் சாவியைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், பிறகு தானும் சிரித்துவிட்டு மழைக்குள் இறங்கினான்.

முன்கடை ஷட்டரை ஆசிபா மேலே தள்ளியபோது பொன்மணிதான் முதல் ஆளாக நின்றாள். தராசில் உளுந்தை அள்ளிப் போட்டாள் ஆசிபா.

"எல்லாம் முளைக்கும்னு சொல்ல மாட்டேன்க்கா. ஒண்ணு ரெண்டு போகும். கொஞ்சம் சேத்து விதைங்க."

"எனக்குத் தெரியாதாக்கும்? எந்தக் கடையில வாங்கினாலும் நாங்க சேத்துத்தான் விதைப்போம். ஆனா இந்தத் தெருவுல இதை வாய் திறந்து சொன்ன கடைக்காரி நீதான்," என்று பொன்மணி பையை விரித்தாள். "இன்னும் ஒரு கிலோ போடு."

பின்னால் வரிசை தெரு முனை வரைக்கும் நின்றது. மழை வலுத்தது. எதிர்க்கடையில் லிங்கராஜ் யாரிடமோ, "எல்லாம்னு நான் சொல்லலை, அதை முதல்ல கேட்டுக்கோ," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆசிபாவின் கை அள்ளிக்கொண்டே இருந்தது. வியாபாரம் இவ்வளவு சந்தோஷமான விஷயம் என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது.

அப்போது கிட்டங்கியிலிருந்து சுளகுச் சத்தத்துக்கு நடுவே சிராஜுதீனின் குரல் வந்தது.

"ஏட்டி ஆசிபா, இந்த மூட்டையை எடுத்துக் குடு. எல்லாம் முத்து முத்தா இருக்கு."

"எல்லாமா அண்ணே?"

சுளகுச் சத்தம் நின்றது. பிறகு சுளகு மறுபடியும் மெதுவாக அசைகிற சத்தம்.

"இரு. பாத்துட்டுச் சொல்லுதேன்."